ஆய்வுக்கூடத்தின் திறவுகோல் யார் கையில்?

அரசுகள் பொருளீந்து அறிவியலை வளர்ப்பது புதிய செய்தியன்று. வானை நோக்கும் தொலைநோக்கி, கடலை அளக்கும் கப்பல், நோய்க்கு மருந்து தேடும் நிலையம் ஆகியவற்றுக்கெல்லாம் பொதுமக்களின் வரிப்பணம் சென்றுள்ளது. இப்போது அந்த வரிசையில் மற்றொன்று வந்து நிற்கின்றது. ஆராய்ச்சியாளர் ஓரூரில் இருக்க, ஆய்வு வேறோரூரில் நடக்க, இடையிலே கணினியும் இயந்திரக் கையும் பணிபுரியும்படி அமைந்த உயிரியல் ஆய்வுக்கூடமே அது. அமெரிக்கா, பிரிட்டன், தென்கொரியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளின் அரசுகள் இத்தகைய கூடங்களுக்கும், இவற்றோடு நெருங்கிய உறவுடைய கூடங்களுக்கும் பொருளுதவி செய்து வருகின்றன. அவ்வுதவி தக்கதா, தக்கதாயின் எந்த நிபந்தனையோடு தக்கது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறிவியலார் மட்டுமே பேசித் தீர்க்க வேண்டிய பொருள் இது என்று தமிழாசிரியர்கள் ஒதுக்கிவிடுதல் கூடாது. எழுதும் முறையைப் பற்றிய கேள்வி ஒன்றும், கல்வி யாருக்கு உரியது என்ற கேள்வி ஒன்றும் இதனுள் அடங்கியுள்ளன. இரண்டும் ஆசிரியர்க்கு நெடுநாள் பழக்கமானவை.

கூடம் இயங்கும் முறை

உயிரியல் ஆய்வு பெரும்பாலும் சிறு சிறு கைவேலைகளின் தொகுப்பாகும். நீர்மத்தைத் துளித்துளியாக அளந்து ஊற்றுதல், கலக்குதல், குறித்த வெப்பத்தில் குறித்த நேரம் வைத்தல், சுழற்றிப் பிரித்தல், ஒளியைச் செலுத்தி அளத்தல் ஆகியவற்றையே ஆராய்ச்சி மாணவர்கள் பிப்பெட்டைக் கையில் பிடித்தபடி நாள் முழுதும் செய்வர். தானியங்கிக் கூடத்தில் இவற்றை இயந்திரம் செய்கின்றது. உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் 96 அல்லது 384 சிறு குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியும் ஒரு சோதனைக் குழாய்க்கு ஈடு. இயந்திரக் கை அக்குழிகளில் நீர்மங்களை இட்டுத் தட்டை ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்கு நகர்த்தும்.

இக்கூடத்தைத் தொலைவிலிருந்து பயன்படுத்துவோர் தமக்கு வேண்டிய செயல்முறையைக் கட்டளை வரிகளாக எழுதிக் கணினி வழியே அனுப்புவர். மாதிரிப் பொருள்களை அஞ்சலில் அனுப்புவதும் உண்டு. அளவீடுகள் கணினி வழியே திரும்பி வந்து சேரும். வேலை முழுதும் இயந்திரமே செய்கின்றது என்று எண்ணிவிட வேண்டா. பொருள்களை எடுத்து வைக்கவும், கருவியைத் துடைக்கவும், பழுது பார்க்கவும் மனிதர்கள் அங்கே இருக்கத்தான் செய்கின்றனர். அவர்களுடைய பெயர் ஆய்வுக் கட்டுரைகளில் வருவது அரிது.

வளர்ந்த வரலாறு

பிரிட்டனில் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் ராஸ் கிங் என்பாரும் அவருடைய குழுவினரும் ‘ஆடம்’ என்ற இயந்திர ஆராய்ச்சியாளனை உருவாக்கினர். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் 13 நொதிகளுக்குரிய மரபணுக்கள் எவையெனத் தெரியாதிருந்தன. அவற்றைப் பற்றி அவ்வியந்திரம் 20 கருதுகோள்களைத் தானே அமைத்துத் தானே சோதித்தது. 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த இச்செய்தி அறிவுலகின் கவனத்தை ஈர்த்தது. அம்முயற்சிக்குப் பொருளுதவி செய்தது பிரிட்டிஷ் அரசின் உயிரியல் ஆராய்ச்சி மன்றமாகும். அதன் பின் வந்த ‘ஈவ்’ என்னும் இயந்திரத்தின் துணையால், பற்பசையில் சேர்க்கப்பட்டு வந்த டிரைகுளோசான் என்னும் பொருள் மலேரியாக் கிருமியின் இன்றியமையாத நொதி ஒன்றைத் தடுக்கவல்லது என்பது 2018-இல் வெளியிடப்பட்டது. மலேரியா வெப்ப நாடுகளின் ஏழை மக்களை வருத்தும் நோய். அதற்கு மருந்து தேடுவதில் பெருலாபம் இல்லை. சந்தை கைவிட்ட இடத்தில் அரசின் பணம் சென்றது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

தனியார் துறையிலும் இம்முயற்சி எழுந்தது. 2010-இல் கலிபோர்னியாவில் எமரால்ட் கிளவுட் லேப் என்ற நிறுவனம் தோன்றியது. 2012-இல் டிரான்ஸ்கிரிப்டிக் என்ற நிறுவனம் தோன்றியது. கட்டணம் பெற்றுக்கொண்டு பிறருக்காகத் தொலைவழி ஆய்வு செய்து கொடுப்பதே இவை மேற்கொண்ட தொழில். 2021-இல் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகம் எமரால்டுடன் இணைந்து 4 கோடி டாலர் செலவில் இத்தகைய கூடமொன்றை அமைக்கப்போவதாக அறிவித்தது.

அரசுகளும் பின்தங்கவில்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறநிறுவனம் 2024-இல் ஐந்து உயிரியல் பட்டறைகளுக்கு 7½ கோடி டாலர் ஒதுக்கியது. 2025-இல் தொலைவழிக் கூடங்களை ஒரே வலையாக இணைக்கும் திட்டத்துக்கு 10 கோடி டாலர் வரை செலவிட முன்வந்தது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க அரசு வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுத் திட்ட அறிக்கையும் இத்தகைய கூடங்களில் முதலிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. தென்கொரிய நாடாளுமன்றம் 2025 ஏப்ரலில் செயற்கை உயிரியலை ஊக்குவிக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. சிங்கப்பூரின் தேசிய ஆராய்ச்சி அறநிறுவனம் 2018-லேயே செயற்கை உயிரியல் திட்டத்துக்கு 2½ கோடி வெள்ளி வழங்கியது. 2019-இல் ஜப்பானின் கோபே நகரில் பல நாட்டு உயிரியல் பட்டறைகள் கூடி ஓர் உலகக் கூட்டமைப்பை நிறுவியபோது, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் அதில் இடம்பெற்றது. ஆகவே இது நம் வாசலுக்கு வெளியே நடக்கும் காரியமன்று.

பெயரிலேயே ஒரு மயக்கம்

தொலைவழிக் கூடத்துக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயரைத் தமிழில் ‘முகில் ஆய்வுக்கூடம்’ என்று வழங்குகின்றோம். பெயர் அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் முகில் என்றவுடன் தமிழ் நெஞ்சில் எழும் எண்ணம் யாது? கைம்மாறு கருதாது பொழிவது முகில். நல்லார் நிலம், அல்லார் நிலம் என்று பாராமல் பெய்வது முகில். நம் இலக்கியம் வள்ளல்களுக்கு முகிலை உவமையாக்கியதும் இதனாலன்றோ?

இந்த முகிலோ கட்டணம் கட்டியவர் நிலத்தில் மட்டுமே பெய்யும். அதற்கு முகவரி உண்டு, உரிமையாளர் உண்டு, மின்கட்டணம் உண்டு, கதவும் பூட்டும் உண்டு. உவமை பொருளை விளக்க வேண்டும். இங்கே பொருளை மறைக்கின்றது. எங்கும் உளது, எவர்க்கும் உரியது என்ற தோற்றத்தைப் பெயர் உண்டாக்கிவிடுவதால், யாருக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்வி எழாமலே போகின்றது. அரசு பணம் கொடுக்கும் இடத்தில் எழ வேண்டிய முதற்கேள்வியே அதுதான்.

விரைவு என்னும் காரணம்

அரசு உதவ வேண்டும் என்போர் மூன்று காரணங்களைக் கூறுகின்றனர். ஒன்று, ஆய்வு விரைந்து நடக்கும். இரண்டு, ஒருவர் செய்த ஆய்வை மற்றொருவர் பிழையின்றித் திரும்பச் செய்ய இயலும். மூன்று, கருவி இல்லாதவர்க்கும் கருவி கிட்டும். மூன்றையும் ஒரே நிறையாகக் கொள்வது பொருந்தாது.

விரைவு உண்மைதான். ஜப்பானின் ரிக்கென் நிலையத்தில் இயந்திரம் ஒன்று விழித்திரைக்குரிய உயிரணுக்களை வளர்க்கத் தக்க முறையைத் தேடியது. எண்ணிப் பார்க்கத்தக்க சேர்க்கைகள் 20 கோடி. அவற்றுள் 143 நிலைகளை மட்டும் தேர்ந்தெடுத்து 111 நாளில் சோதித்து, முன்னிருந்த முறையைவிட 88 விழுக்காடு மேலான விளைவை எய்தியது. 2022-இல் வெளியான செய்தி இது. இரவும் பகலும் சலியாமல் ஒரே அளவாக உழைப்பதில் இயந்திரத்துக்கு நிகரில்லை.

ஆயினும் விரைவு மட்டுமே பொதுப்பணத்தைக் கேட்கப் போதிய காரணம் ஆகாது. விரைவால் ஆதாயம் பெறும் மருந்து நிறுவனங்கள் அதைத் தம் பணத்தாலேயே வாங்கவல்லன, வாங்கியும் வருகின்றன. அன்றியும், விரைவு வெற்றிக்கு உறுதி தருவதில்லை. கலிபோர்னியாவின் ஜைமர்ஜென் என்னும் நிறுவனம் இயந்திரங்களைக் கொண்டு நுண்ணுயிர்களைத் திருத்திப் புதுப்பொருள்களை உண்டாக்கப் புறப்பட்டது. 2021 ஏப்ரலில் பங்குச் சந்தையில் ஏறத்தாழ 50 கோடி டாலர் திரட்டியது. நான்கே மாதத்தில் அதன் முதற்பொருளுக்கு எதிர்பார்த்த வருவாய் இல்லையென்று அறிவிக்க நேர்ந்தது. 2022-இல் மற்றொரு நிறுவனம் அதை வாங்கிற்று; 2023-இல் அது நொடித்துப்போனது. இயந்திரங்கள் விரைந்து ஓடின; ஓட வேண்டிய திசை தெளிவாக இல்லை.

மற்றோர் எடுத்துக்காட்டு பக்கத்துத் துறையிலிருந்து வருகின்றது. அமெரிக்க அரசின் லாரன்ஸ் பெர்க்லி நிலையத்தில் கனிமப் பொருள்களை ஆக்கும் தானியங்கிக் கூடமொன்று, 17 நாளில் 41 புதிய பொருள்களை உண்டாக்கியதாக 2023-இல் வெளியிட்டது. வேதியியல் அறிஞர் சிலர் அவ்வளவீடுகளை மறுபடி ஆராய்ந்து, அவற்றுள் பல புதியவை எனக் கொள்வதற்குச் சான்று போதாது என்று மறுத்தனர். விடைகளை விரைவாகக் குவிக்கும் இயந்திரத்துக்கு, அவ்விடைகளைத் திருத்தும் கண்களும் அதே அளவு வேண்டும். ஒரு நாளில் ஆயிரம் விடைத்தாள் வந்து குவிந்தால் ஆசிரியர் எண்ணிக்கையும் கூட வேண்டுமன்றோ? கருவிக்குப் பணம் ஒதுக்கி, சரிபார்ப்போருக்கு ஒன்றும் ஒதுக்காத திட்டம் ஒற்றைக் காலில் நிற்கும் திட்டமாகும்.

எழுதுமுறை என்னும் காரணம்

இரண்டாவது காரணம் இதனினும் வலியது. 2012-இல் ஆம்ஜென் நிறுவனத்தைச் சார்ந்திருந்த கிளென் பெக்லி ஓர் உண்மையை வெளியிட்டார். புற்றுநோய் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற 53 ஆய்வுகளைத் தம் நிறுவனத்தார் மீண்டும் செய்து பார்த்தபோது, ஆறில் மட்டுமே அதே முடிவு வந்தது என்பதே அது. 2016-இல் நேச்சர் இதழ் 1,576 ஆராய்ச்சியாளர்களிடம் வினவியபோது, பிறர் செய்த ஆய்வைத் திரும்பச் செய்ய முயன்று தோற்றதாக 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கூறினர். இவற்றில் எல்லாம் பொய்யும் வஞ்சகமும் இருந்தன எனல் கூடாது. எழுதுமுறையின் குறையும் இதற்கு ஒரு காரணம்.

நம் வீடுகளில் பாட்டிமார் குழம்பு வைக்கும் முறையைக் கேட்டால் ‘உப்பு அளவாகப் போடு, பதம் வந்ததும் இறக்கு’ என்பர். அளவு எது, பதம் எது என்பது அவர் கைக்குத் தெரியும், கேட்டவர்க்குத் தெரியாது. ஆய்வுக் கட்டுரைகளும் பல இடங்களில் இவ்வாறே எழுதப்படுகின்றன. ‘மெல்லக் கலக்குக’ என்று எழுதியவரின் மெல்லவும் படித்தவரின் மெல்லவும் ஒன்றாயிருப்பதில்லை. இயந்திரத்துக்கோ கைப்பக்குவம் கிடையாது. எத்தனை சுற்று, எத்தனை நொடி, எந்த வெப்பநிலை என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாலன்றி அது அசையாது. இயந்திரத்துக்காக எழுதப் புகுந்தவர் தாம் அறியாமல் கைவிட்ட சொற்களையெல்லாம் எழுத வேண்டியவர் ஆகின்றார். தெளிவாக எழுதத் தெரியாதவன் தெளிவாக எண்ணியவன் ஆகான் என்று மாணவர்க்கு நாம் கூறுவதை, இயந்திரம் தன் பிடிவாதத்தால் மெய்ப்பிக்கின்றது.

இங்கேதான் அரசு விழிப்பாக இருக்க வேண்டும். அக்கட்டளை வரிகள் எந்த மொழியில் எழுதப்படுகின்றன? எமரால்ட் நிறுவனம் தனக்கென ஒரு கட்டளை மொழியை ஆக்கிக்கொண்டது. டிரான்ஸ்கிரிப்டிக் நிறுவனம் ‘ஆட்டோபுரோட்டோகால்’ என்னும் வடிவத்தை எவரும் கையாளத் திறந்து வைத்தது. ஒரு நிறுவனத்தின் கூடத்துக்கென எழுதிய ஆய்வு, அந்நிறுவனம் மூடப்பட்டால் யாரும் இயக்க முடியாத வெற்றேடாகிவிடும். திரும்பச் செய்ய இயலும் என்று சொல்லி வாங்கிய பணம், ஒரே கூடத்தில் மட்டும் திரும்பச் செய்ய இயலும் ஆய்வாய் முடியும்.

இத்தொல்லையைத் தமிழர் நன்கு அறிவர். கணினியில் தமிழ் வந்த தொடக்க நாள்களில் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஓர் எழுத்துரு முறையை வகுத்தனர். ஒருவர் தட்டெழுதி அனுப்பிய மடல் மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. அக்குழப்பத்தை நீக்கும் நோக்கோடுதான் 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணையக் கருத்தரங்கு கூடிற்று. காலஞ்சென்ற நா. கோவிந்தசாமி அவர்கள் அதற்காக உழைத்ததை இந்நாட்டுத் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். பொதுக்குறியீடு நிலைபெற்ற பின்னரே தமிழ் எழுத்து எல்லாக் கணினிகளிலும் தடையின்றி உலவியது. ஆய்வுக்கூடங்களுக்கும் அதே பாடம் பொருந்தும். பொதுப்பணத்தால் நடக்கும் கூடத்தில் எழுதப்படும் கட்டளைகள் எந்தக் கூடத்திலும் இயங்கத்தக்க பொதுவடிவில் இருத்தல் வேண்டும் என்று அரசு முன்கூட்டியே விதிக்க வேண்டும். பல வடிவங்கள் வேரூன்றிய பின் ஒன்றாக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் எழுத்துருக்களே சான்று.

கதவு என்னும் காரணம்

மூன்றாவது காரணமே அரசின் உதவியை உண்மையில் நியாயப்படுத்துவது. பெரிய பல்கலைக்கழகத்தில் இருப்பவர்க்கு ஒரு கருவி இல்லையெனில் அடுத்த கட்டடத்தில் உள்ளது. சிறு கல்லூரி ஆசிரியர் ஒருவர்க்கு நல்லதொரு கருதுகோள் தோன்றினும், அதைச் சோதிக்கும் கருவியின் விலை அவர் துறையின் பல்லாண்டு நிதியைவிட மிகுதியாயிருக்கும். அவர் எண்ணம் அவரோடு மடியும். அறிவு எங்கும் பிறக்கின்றது. கருவியோ சில இடங்களில்தான் குவிந்து கிடக்கின்றது. தொலைவழிக் கூடம் இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாகக்கூடும்.

ஆகக்கூடும் என்றே சொல்லுகின்றேன். ஆகிவிடும் என்று சொல்லவில்லை. கூடத்தைக் கட்டியவுடன் கதவு தானே திறந்துகொள்ளாது. விண்ணப்பம் எழுதப் பழகியவர், முன்னரே பெயர் பெற்றவர், பெரிய நிலையத்தின் முத்திரை உடையவர் ஆகியோரே முதல் வரிசையில் நிற்பர். ஏழைக் கல்லூரியின் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் செல்வக் கல்லூரியின் வசதியைப் பெருக்கிவிட்டால், அதனினும் பெரிய முரண் வேறில்லை.

இதைத் தடுக்க வழி உண்டு; வேறு துறைகள் அதை முன்னரே நடந்து காட்டியுள்ளன. 1990-இல் விண்ணில் ஏவிய ஹப்பிள் தொலைநோக்கியும் ஒருவகையில் தொலைவிலிருந்து இயக்கும் ஆய்வுக்கூடமே. அதைப் பயன்படுத்த எந்நாட்டு வானியலாரும் விண்ணப்பிக்கலாம். 2018-இல் அதன் நிருவாகத்தார் விண்ணப்பித்தவர் பெயரைத் தேர்வாளர்க்கு மறைத்தனர். முந்திய ஆண்டுகளில் ஆண்கள் தலைமையேற்ற விண்ணப்பங்களுக்கே வெற்றி விழுக்காடு கூடுதலாயிருந்தது. பெயர் மறைத்த அவ்வாண்டில் பெண்கள் தலைமையேற்றவை சற்றே முந்தின. தொலைநோக்கி மாறவில்லை, வானும் மாறவில்லை. விதி ஒன்று மாறியது, அவ்வளவே.

அமெரிக்க எரியாற்றல் துறையின் ஒளிமுடுக்கி நிலையங்களிலும் நல்ல மரபொன்று உண்டு. முடிவுகளை எல்லாரும் படிக்க வெளியிடுவோர்க்கு அங்கே கட்டணம் இல்லை. முடிவைத் தமக்கே வைத்துக்கொள்ள விரும்பும் நிறுவனங்கள் முழுச் செலவையும் கொடுத்தாக வேண்டும். ஊர்ப் பொதுக்குளத்தில் குடிநீர் முகப்பவர்க்கு விலையில்லை, நீரை வண்டியில் ஏற்றி விற்பவர் விலை தரட்டும் என்னும் நேர்மை இதில் அமைந்துள்ளது. உயிரியல் கூடங்களுக்கு இதனினும் சிறந்த விதியைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

முடிவுகளைப் பொதுவில் வைப்பதன் பயன் உயிரியலிலேயே கண்கூடு. 1971-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் புரதங்களின் வடிவங்களைத் தொகுக்கும் பொதுக்களஞ்சியம் ஏழே வடிவங்களோடு தொடங்கியது. உலகெங்கும் உள்ளோர் தாம் கண்டவற்றை அதில் சேர்த்தனர். எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே விதி. அரை நூற்றாண்டுக்குப் பின் புரத வடிவத்தை முன்னுணரும் கணினி முறை அக்களஞ்சியத்தைப் பயின்றே உருவானது. அதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோர் 2024-இல் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். களஞ்சியம் பூட்டிக் கிடந்திருந்தால் இது நடந்திருக்குமா? மனித மரபணுத் தொகுதியை ஆராய்ந்தோரும் 1996-இல் பெர்முடாத் தீவில் கூடி, கண்டறிந்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பதென உடன்பட்டனர். தானியங்கிக் கூடங்கள் நாள்தோறும் அளவீடுகளைக் குவிக்கும். வெற்றி தந்த அளவீடுகளோடு தோல்வி தந்தவற்றையும் வெளியிட்டால், ஒரே தவற்றில் பலர் மீண்டும் மீண்டும் பணத்தை வீணாக்குவது குறையும்.

கதவு திறந்தால் கள்வரும் வரமாட்டாரா?

இவ்வினாவை எழுப்புவோரின் அச்சம் வெறுங்கற்பனையன்று. கனடாவின் ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், இயற்கையில் மறைந்துவிட்டதாகக் கருதப்படும் குதிரை அம்மை நச்சுயிரை, விலைக்கு வரவழைத்த மரபணுத் துண்டுகளைக் கொண்டு மீண்டும் ஆக்கியதை 2018-இல் வெளியிட்டனர். 2023-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தார், செயற்கை நுண்ணறிவு ஒன்றே வேதியியல் சோதனைகளைத் திட்டமிட்டுக் கருவிகளை இயக்கவல்லது என்று காட்டினர். கட்டளை அனுப்புபவர் யார், அவர் நோக்கம் யாது, அவர் மனிதர்தாமா என்பதைக் கூடத்தார் அறியாதிருக்கும் காலம் வரக்கூடும்.

ஆனால் இவ்வச்சம் கதவை மூடக் காரணமாகாது. காவலை ஒழுங்குபடுத்தவே காரணமாகும். மரபணுத் துண்டுகளை விற்கும் நிறுவனங்கள் சில 2009-இல் ஒன்றுகூடி, வாங்குவோரையும் கேட்கும் வரிசையையும் சோதிப்பதெனத் தாமே இசைந்தன. 2010-இல் அமெரிக்க அரசு வகுத்த நெறிமுறையும் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் இருந்தது. 2024-இல் அரசுப் பணம் பெறுவோர் சோதனை செய்யும் நிறுவனத்திடமே வாங்க வேண்டுமென ஒரு சட்டகம் வகுக்கப்பட்டது; 2025 மே மாதத்தில் அதைத் திருத்தி அமைக்குமாறு ஆணை பிறந்தது. தனியார் கூடங்களை நல்லெண்ணத்தால் மட்டுமே கட்டுப்படுத்த முடியும் என்ற நிலையில், அரசு பணம் கொடுக்கும் கூடம் அரசு விதிக்கு உட்படும் என்பது ஒரு நன்மையே. பணத்தோடு விதியையும் சேர்த்துக் கொடுக்கும் வாய்ப்பு இப்போது உள்ளது. பணத்தை மட்டும் முதலில் கொடுத்துவிட்டால் விதியைப் பின்னர் ஏற்கச் செய்வது கடினம்.

கையால் கற்கும் கல்வி

மாணவர் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிப்பெட்டைத் தொடாமலே ஒருவர் உயிரியல் பட்டம் பெறுவாராயின் அவர் அறிவு முழுமை பெறுமா? நீர்மம் கலங்குவதையும் நிறம் மாறுவதையும் கண்ணாற் கண்டவர்க்கே, வந்து சேர்ந்த எண்ணில் பிழை இருப்பது மனத்தில் உறைக்கும். பெனிசிலினின் கதை யாவரும் அறிந்ததே. 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் ஊருக்குச் சென்று திரும்பியபோது, பூஞ்சை படிந்து கெட்டுப்போன தட்டைக் கண்டு வியந்து நின்றார். கெட்ட தட்டைக் கழித்துவிடு என்று எழுதப்பட்ட கட்டளையை இயந்திரம் வழுவாது நிறைவேற்றியிருக்கும்.

எனவே தொலைவழிக் கூடம் கல்லூரியின் சிறு ஆய்வுக்கூடத்துக்கு மாற்றாக வருதல் கூடாது. அதன்மேல் எழும் மாடியாகவே வர வேண்டும். மலிவான சிறு தானியங்கிகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றைக் கல்லூரிகளுக்கு வாங்கிக் கொடுத்து, அங்கே கட்டளை எழுதிப் பழகிய மாணவர் பின்னர்ப் பெரிய கூடத்தைத் தொலைவிலிருந்து பயன்படுத்த வழி செய்வதே முறையான படிக்கட்டு. ‘பெரிய கூடம் வந்துவிட்டது, இனி உங்கள் ஆய்வறைக்கு நிதி எதற்கு?’ என்று நிதித்துறையார் கேட்கத் தொடங்கினால், இத்திட்டமே கல்விக்குக் கேடாய் முடியும்.

அரசு கேட்க வேண்டியவை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், அரசின் உதவி தக்கதே என்பது என் முடிபு. ஆயினும் நான்கு நிபந்தனைகள் இன்றி அது தக்கதாகாது. முதலாவது, கூடத்தின் நேரத்தில் ஒரு பங்கு பெருநிலையங்களைச் சாராதவர்க்கென ஒதுக்கப்பட வேண்டும். விண்ணப்பங்கள் பெயர் மறைத்துத் தேரப்பட வேண்டும். இரண்டாவது, கட்டளை வரிகள் பொதுவடிவில் இருக்க வேண்டும். மூன்றாவது, வெற்றி தோல்வி இரண்டின் அளவீடுகளும் குறித்த காலத்துக்குள் வெளியாக வேண்டும்; மறைக்க விரும்புவோர் முழுச் செலவையும் ஏற்க வேண்டும். நான்காவது, சரிபார்ப்போர்க்கும், காவலுக்கும், கல்லூரிகளின் பயிற்சிக்கும் கருவிக்கான அதே நிதியறிக்கையிலேயே இடம் இருக்க வேண்டும்.

சிங்கப்பூர் போன்ற சிறிய நாட்டுக்கு இவை மேலும் பொருந்தும். எல்லாக் கருவியையும் தானே வாங்கிக் குவிக்கச் சிறிய நாட்டால் இயலாது. உலகக் கூட்டமைப்பில் இடம் பெற்றிருப்பதன் பயன், பிற நாட்டுக் கூடங்களை நாமும், நம் கூடத்தைப் பிறரும் பயன்படுத்தும் ஒப்பந்தமாக அது விரிவதில்தான் உள்ளது. கட்டளை வடிவம் ஒன்றாயின் சிங்கப்பூரில் எழுதிய ஆய்வை லண்டனில் நடத்திச் சரிபார்க்கலாம். அத்தகைய சரிபார்ப்பே அறிவியலில் உண்மையான மதிப்பைத் தரும்.

நிதிநிலை அறிக்கை வரும்போதெல்லாம் எத்தனை கோடி ஒதுக்கினார்கள் என்பதையே செய்தித்தாள்கள் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. அக்கோடியில் கட்டிய கூடத்துக்குள் சென்ற ஆண்டு யார் யார் நுழைந்தனர் என்ற பட்டியலை யாரும் கேட்பதில்லை. ஆசிரியர்கள் கேட்க வேண்டும். தம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவர் நாளை ஒரு சிறு கல்லூரியிலிருந்து விண்ணப்பம் எழுதும்போது, அப்பட்டியலில் அவர் பெயருக்கும் இடமுண்டா என்பது இப்போது வகுக்கும் விதிகளைப் பொறுத்தது.